ஈசான மூலையில் இருந்த சக்கரவர்த்தி

புதுப் பெயின்ட் வாசனை எவ்வளவு பழைய வீட்டுக்கும் வயதைக் குறைத்துச் சொல்லிவிடும். போன சனிக்கிழமை மெல்பர்னின் புறநகரான கிரான்பர்னில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. விளம்பரப் படத்தில் அந்த வீட்டை அடையாளம் கண்டுகொண்டேன், கால்கள் தாமாகப் போய்விட்டன, அவ்வளவுதான். விற்பனை முகவன் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். என் முகத்தைக் கண்டதும் கைபேசியில் திசைகாட்டியை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "இதுதான் வடகிழக்கு. பூஜைக்கு அருமையான மூலை" என்றான் ஆங்கிலத்தில். பூஜை என்ற சொல்லை மட்டும் பிறந்ததிலிருந்து பழகியவன்போல உச்சரித்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மூலையால்தான் இந்த வீடு கட்டி முடிந்தும் பூட்டியே கிடந்தது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் என் சட்டையில் வெனிலா மணக்கும். ரயிலில் குழந்தைகள் தாயின் மடியிலிருந்து என் பக்கமாக எக்கும். அந்த மணத்தோடு போய் டண்டெனோங்கில் ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் பின்னறையில் குடியிருந்தேன். அங்கிளும் அன்ரியும் மட்டும்தான். மகன் சிட்னியில், கெல்லிவில் பக்கம்.

அங்கிளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. இடுப்பை வளைக்கமாட்டார். காலையில் புல்தரையில் வந்து விழும் பேப்பரை எடுக்க, முதுகு நிமிர்ந்தபடியே மெல்லக் குந்துவார். கோயிலிலும் அப்படித்தான். எல்லோரும் தலை தாழ்த்தும்போது இவர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். எனக்கோ அடுத்தவர் நோய்க்கு மருந்து சொல்லாவிட்டால் உறக்கம் வராது.

"எண்ணெய் போட்டு உரஞ்சி விடட்டே, அங்கிள்?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு தம்பி. நீ போயி உன் பிஸ்கட்ட பாரு."

அந்த ஆண்டுதான் கிரான்பர்னில் அவர்களுடைய புது வீடு எழும்பி முடிந்தது. அன்ரி வடகிழக்கு மூலையில், ஈசான மூலையில், சாமி விளக்குக்கு இடம் குறித்தார். அங்கிள் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

"ஊரே அங்கதான் வைக்குது. இவருக்கு மட்டும் சாமி கராஜுல இருக்கணுமா?"

"கராஜுல வையேன். வந்து கும்பிடுறேன்."

"அந்த மூலையில வெளக்கு இல்லாம நான் பால் காய்ச்ச மாட்டேன்."

"அப்ப நீ உள்ள இரு. நான் வெளிய இருக்கேன்."

இப்படியே வாரங்கள் போயின. புது வீட்டின் சாவி பழைய வீட்டுக் குசினியில் ஆணியில் தொங்கியது. அன்ரி அதைப் பார்த்துப் பார்த்துக் கறி வைத்தார். கறியில் உப்பு ஏறியது. பெட்டிகள் கட்டியபடி கூடத்தில் கிடந்தன. மகன் ஃபோன் எடுத்தால் இருவரும் வெவ்வேறு அறையிலிருந்து பேசினார்கள். ஒருநாள் அன்ரி, "நான் பையனோடவே போயி இருந்துக்கிறேன்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது வீட்டில் விரித்திருந்த புல்லுக்குத் தண்ணீர் விட அங்கிளோடு போனேன். அவர் குழாயைப் பிடித்தபடி, மற்றக் கையால் வீட்டின் அந்த மூலையைக் காட்டினார்.

"அங்கதான் தம்பி, தோக்கியோ."

நான் விழித்தேன். அவர் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்தான். ஈப்போ பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம். சுவரில் வெள்ளைக் குதிரைமேல் சக்கரவர்த்தியின் படம். ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வடகிழக்கே, சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திக்கைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கச் சொல்வார்கள். அதற்குள் அவருடைய அண்ணனை சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"மத்த பசங்க அடிக்குப் பயந்து குனிஞ்சாங்க. நான் நெசமாவே வேண்டிக்கிட்டேன். அண்ணன அனுப்பிடு, அண்ணன அனுப்பிடுன்னு. முருகன்கிட்டகூட அப்படிக் கேட்டதில்ல."

"பிறகு அண்ணன் வந்தவரே, அங்கிள்?"

"வரல."

தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து குட்டையாகிக்கொண்டிருந்தது.

"அந்த ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்குமா தம்பி? சயாம்ல ஆளுங்க சாவுறாங்கன்னு யாராச்சும் போயி சொல்லியிருப்பாங்களா?"

ஒரு கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வேலை முடிந்து நூலகத்துக்குப் போய், வெனிலா மணக்கும் விரல்களால் தடித்த புத்தகங்களைப் புரட்டினேன். கண்ணாடி போட்ட ஒரு தளபதி, பிரதமராகவும் போர் மந்திரியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். பிறகு படைத் தலைமையையும் சேர்த்துக்கொண்டார். தரைப்படையும் கடற்படையும் பக்கத்து வீட்டுப் பகையாளிகள்போல ஒன்றுக்கொன்று மறைத்தன. முடிவெடுக்கும் பெரிய கூட்டங்களில் சக்கரவர்த்தி பெரும்பாலும் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பாராம். போர் முடிந்தபின் தளபதிகள் தூக்கில் ஏறினார்கள். அந்த விசாரணை மன்றத்தின் தலைமை நீதிபதி ஓர் ஆஸ்திரேலியர் என்று வாசித்தபோது, ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கூண்டில் சக்கரவர்த்தி இல்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் எழுதியவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். என் கேள்வி சக்கரவர்த்தியின் அந்த மௌனத்தின் முன்னால் போய் நின்றுகொண்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

விடைக்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. புத்தகத்தின் கடைசியில் ஒரு படம். படைகள் போன வழியெல்லாம் கறுப்பு அம்புகள். சில அம்புகள் ஜப்பானிலிருந்து கீழே, நியூ கினி வரைக்கும், ஏறக்குறைய நேராக நம் தலைமேல் இறங்கின. வடக்கிலிருந்து. வடகிழக்கிலிருந்து அல்ல. புல்தரையில் நின்று அங்கிள் கை காட்டியபோது நானும் தலையை ஆட்டியிருந்தேனே! இரண்டு பேரும் மலாயாவின் திசையை விமானத்தில் கூடவே கொண்டுவந்து இறக்கியிருந்தோம்.

மகன் விட்டுப்போன பூகோள உருண்டை ஒன்று வீட்டில் இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அன்ரி தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் தந்தார்.

"இஞ்ச பாருங்கோ அங்கிள், இது ஈப்போ." நூல் வடகிழக்காகச் சரிந்து தோக்கியோவைத் தொட்டது.

"இனி மெல்பர்ன்." அன்ரி தன் விரலால் நுனியை அழுத்திப் பிடித்தார். நான் நூலை இழுத்தேன். நேரே மேலே போனது. ஒரு மயிரிழை மேற்காகச் சாய்ந்திருக்கலாம்.

அங்கிள் உருண்டையைத் தானே சுற்றினார். திரும்ப நூலை வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, அந்த மூலையில அவன் இல்ல."

"யாரு?" என்றார் அன்ரி. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்கே சொல்லாத கதை அது. அன்றைக்குத்தான் அங்கிள் சொன்னார். நான் என் அறைக்குப் போய்விட்டேன். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

பால் பொங்கிய அன்று ஈசான மூலையில் விளக்கு எரிந்தது. அங்கிள் அதன் முன் நின்றார். கைகள் குவிந்தன, இடுப்பு வளையவில்லை. அன்ரியும் அவர் பக்கத்தில் அப்படியே நிமிர்ந்து நின்று கும்பிட்டார். ஏன் என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை.

அதன்பின் குளிர்காலம் முழுக்க, அங்கிள் தன் கதிரையை வடக்கு ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் மதிய வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.

"ராஜாவுக்கு முதுக காட்டிக்கிட்டு உக்காந்தா சொகமாத்தான் இருக்கு தம்பி" என்பார், கண்ணை மூடியபடி.

அங்கிள் இப்போது இல்லை. அன்ரி மகனோடு கெல்லிவில்லில் இருக்கிறார். பிஸ்கட் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. என் சட்டை எதுவும் மணப்பதில்லை. ரயிலில் குழந்தைகள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

"வடக்கு எது?" என்று முகவப் பொடியனைக் கேட்டேன். திசைகாட்டியைத் திருப்பி அந்த ஜன்னலைக் காட்டினான். கதிரை இருந்த இடத்துக்குப் போய், முதுகைக் காட்டி நின்றேன். சூடு ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வளவில் இரண்டு மாடி வீடு எழும்பி, அதன் சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.