போறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘வர்றேன்’ என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குப் போனாலும் வர்றேன், சிங்கப்பூருக்குப் போனாலும் வர்றேன். ‘போறேன்’ என்றால் ஒரேயடியாகப் போவதாக அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அப்போது நாங்கள் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட் லயத்தில் இருந்தோம். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். இந்த அறையில் பிள்ளை தும்மினால் அடுத்த அறையிலிருந்து ‘நூறு’ என்பார்கள். நான் பிறந்தது அங்கே. வாக்கப்பட்டதும் நாலு கதவு தள்ளி அங்கேயேதான். என்னைப் புருஷன் வீட்டுக்கு அழைத்துப் போன ஊர்வலத்துக்கு வாசலில் படுத்திருந்த கோழிகூட எழுந்து வழிவிடவில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்டோரில் நெருப்புப் போடுகிறவர். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். லயமே குளிரில் பல்லைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் வேர்த்து வடிய வருவார். அவர் முதுகில்தான் நான் கையைச் சூடாக்கிக்கொள்வேன். அந்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எனக்குத்தான் மலை பிடிக்காமல் போயிற்று. காரணம் ஒரு பேன். தலையில் இருக்கிற பேன் இல்லை. மின்சாரக் காற்றாடி எங்கள் வாயில் அப்படித்தான் வரும்.

எழுபதுகளில் ஒரு தை மாதம், மலைக்குக் கீழே போடியில் ஒரு கல்யாணத்துக்கு இறங்கினோம். கல்யாண வீட்டில் பேன் சுற்றியது. அதற்குக் கீழே உட்கார்ந்தேன். மலையிலிருந்து பனி ஈரத்தோடு உடுத்தி வந்த சேலை, பந்திக்குக் கூப்பிடுவதற்குள் காய்ந்துவிட்டது. எங்கள் லயத்தில் மழைக்காலம் வந்தால் துணி காய்வது என்பதே கிடையாது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையோடு எடுத்து உடுத்துவோம். நானோ காய்ந்த சேலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். தை மாதத்துப் போடியைப் பார்த்து மயங்கினேன். சித்திரையில் அதற்கு வேறொரு முகம் இருக்கும் என்று யார் கண்டது?

அன்று முதல் அவர் சோற்றில் கை வைத்தால் நான் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையைப் பற்றிப் பேசுவேன். அவர் கண்ணயர்ந்தால் காயாத துணியைப் பற்றிப் பேசுவேன். ஒருநாள் அவர் கும்பிட்டுவிட்டார்.

“இங்க நெருப்பு, அங்க வெயிலு. எனக்கு எங்க இருந்தாலும் வேர்வைதான். நட, போவோம்.”

கிளம்புகிற அன்று லயமே வாசலில் நின்றது. பக்கத்து அறைக்காரியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவளிடம் என் கம்பளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

“இந்தா மதினி, எனக்கு இனிமே இது எதுக்கு? பேனுக்கடியில படுக்கப்போறவ நான்.”

“பேனு தலையிலயில்ல இருக்கும்? அதுக்கு அடியில எப்பிடித்தா படுப்ப?” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலி செய்கிற வேலை லயத்தில் என்னுடையது. அதை அவள் தட்டிப் பறித்ததில் எனக்குச் சுருக்கென்றது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்.

“போறேன்!”

“ஏத்தா, நாக்கைக் கடி. வர்றேன்னு சொல்லு.”

“இந்த அட்டைக் காட்டுக்கு எதுக்கு மதினி வரணும்? போறேன்னா போறேன்தான்.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் எல்லாரையும் பார்த்து, மெதுவாக, “வர்றேன்” என்றார்.

போடியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு தகரக் கொட்டகை. அதில் பேனும் இல்லை, பேன் மாட்ட உத்திரமும் இல்லை. சரி, வேலை பார்க்கிற இடத்திலாவது இருக்கும் என்று பார்த்தால், இருந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவரின் குடோனில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே பெரிய பேன் தொங்கியது. ஆனால் அதைப் போடக் கூடாது. போட்டால் காம்பும் தூசியும் பறந்து, பிரித்து வைத்த காயின் மேல் விழும். அதனால் சிலந்தி அதில் குடும்பம் நடத்தியது. தலைக்கு மேலே அசையாத பேன், மடியில் எங்கள் மலையின் வாசனை. நடுவில் நான் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை வந்தது. முதுகெல்லாம் வேர்க்குரு. ஈரத்துணியை விரித்துப் படுத்தால் திரும்பிப் படுப்பதற்குள் அது காய்ந்துவிடும். ஈரம் காயவில்லை என்று ஊரைவிட்டு வந்தவள், ஈரம் நிற்கவில்லை என்று அழுதேன். அழுகையும் சீக்கிரம் காய்ந்தது.

இதை யாரிடம் சொல்வது? எங்கள் ஆட்களுக்குச் சொந்த ஊர் என்றால் கீழேதான். என் அப்பா ராசிங்காபுரத்திலிருந்து மலைக்கு ஏறியவர். சாகும்வரை அதைத்தான் ஊர் என்றார். மலை என்பது சோலிக்குப் போகிற இடம். யாராவது எஸ்டேட் லயத்தை ஊர் என்று நினைத்து ஏங்குவார்களா? குடோனில் ஒருநாள் தாகத்தில் வாய் தவறி, மலைப் பழக்கத்தில், “கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்று கேட்டுவிட்டேன். மேலே மலையாளத்துக்காரர்களோடு பழகியதில் தண்ணீர் எங்களுக்கு வெள்ளம்தான்.

“வெள்ளமா? கொட்டகுடி ஆத்துலயே சொட்டுத் தண்ணியக் காணோம். இவளுக்கு வெள்ளம் வேணுமாம்ல!” என்று ஒருத்தி சொல்ல, குடோனே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். தண்ணீர் குடிக்காமலே போய் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் அதே குடோனில் மூட்டை சுமந்தார். ஸ்டோரில் நெருப்புக்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்திருந்த மனிதர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தபடி என்னைக் கடந்து போவார். அவர் வரும் சத்தம் கேட்டாலே நான் சொத்தைக்காய் தேடுகிறவள் மாதிரி காய் புடைக்கிற சுளகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

காலையில் எங்கள் எஸ்டேட் ஜீப் காய் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும். அதன் தார்ப்பாயில் மேலேயிருந்து வந்த பனி ஈரம் காயாமல் இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் அதில் இரண்டு கையையும் வைத்து, கழுத்தில் ஒற்றிக்கொள்வேன். ஒருநாள் டிரைவர் பார்த்துவிட்டான்.

“என்னக்கா, ஜீப்பைக் கும்பிடுறியாக்கும்?”

“தூசியா இருக்குப்பு, தட்டிவிடுறேன்.”

“ஈரத்துல ஏதுக்கா தூசி? சரி, மேல எல்லாரும் கேட்டாக. எப்பிடி இருக்கன்னு சொல்லட்டும்?”

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “எங்க மதினிகிட்டச் சொல்லு. பேன் காத்துல ராத்திரியெல்லாம் வெடவெடன்னு குளிருது, போர்த்தாமப் படுக்க முடியலைன்னு சொல்லு” என்றேன். அவன் என் நெற்றியில் ஓடிய வேர்வையைப் பார்த்துக்கொண்டே, “சொல்லிருறேன்க்கா” என்றான். சொல்லியும்விட்டான். கூட என்னென்ன சேர்த்துச் சொன்னானோ.

அந்தச் சித்திரையிலேயே மதினி, ராசிங்காபுரத்தில் சாமி கும்பிட இறங்கியவள், வழி கேட்டு என் கொட்டகைக்கு வந்து நின்றாள். நல்ல உச்சிவெயில். கையில் ஒரு மூட்டை.

“என்ன மதினி இது?”

“உன் கம்பளிதான். பேன் காத்து குளிருதுன்னு சொல்லிவிட்டியே. பாவம், வெறைச்சுப் போயிருவியேன்னு கொண்டாந்தேன்.”

மதினி உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தகரம் சூட்டில் டப்பு டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது. இப்போது கேட்பாள், ‘எங்கடி உன் பேனு?’ என்று கேட்பாள் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் கொடுத்த மோரைக் குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஆமத்தா, நீ சொன்னது சரிதான். குளிராத்தான் இருக்கு.”

அவள் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். என் பொய்யைத் தூக்கி என் மடியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, அதற்கு ஒத்தும் ஊதினாள் பாருங்கள், அதுதான் என் மானத்தை வாங்கியது.

வாசலில் இறங்கினவள் திரும்பி நின்று, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, “வர்றேன்” என்றாள்.

அவள் போன பிறகு மூட்டையை அவிழ்த்தேன். கம்பளியில் லயத்து அடுப்புப் புகை வாசம், அதற்குள்ளே மழை வாசம். முகத்தைப் புதைத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டுவிட்டேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர் திகைத்துப் போனார்.

“ஏ புள்ள, காய்ச்சலா?”

கம்பளிக்குள்ளிருந்தே, “ஊருக்குப் போகணும்” என்றேன்.

“எந்த ஊருக்கு?”

“மேல.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஸ்டோருக்கு வேற ஆளு போட்டாக. நம்ம அறையிலயும் வேற குடும்பம் வந்துருச்சு. நான் போன மாசமே ஆள் விட்டுக் கேட்டுப் பாத்துட்டேன்” என்றார்.

அவரும் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல், நான் மனம் கஷ்டப்படுவேன் என்று. கம்பளியை விலக்கி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. வேர்வையில் குளித்தபடி உள்ளேயே கிடந்தேன்.

திரும்பிப் போய் இருக்க முடியாது. ஆனால் கீழேயிருந்து ஜீப்பில் போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற பெண்கள் இருந்தார்கள். ஆடி பிறந்து காயெடுப்பு தொடங்கியதும் வீட்டுக்காரரே சொன்னார், “நீ போ. ஒருத்தராவது பாத்துட்டு வருவோம்.” அதே டிரைவரின் ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறினேன். போடிமெட்டு தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. பக்கத்திலிருந்தவள் என் மடியிலிருந்த கம்பளியைக் கேட்டாள். கொடுக்கவில்லை.

பகல் முழுவதும் செடித் தூரில் குந்தியிருந்து காய் எடுத்தேன். அட்டை கடித்தது. அதைப் பிய்த்துப் போடக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன சொல்லி வைதுவிட்டுப் போன அட்டை! நன்றாகக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஜீப் லயத்து வாசலில் நின்றது. நான் பார்சல் மாதிரி சாக்குகளுக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். என் பழைய அறை வாசலில் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்துகொண்டிருந்தது என்ன, நனைந்துகொண்டிருந்தது. மதினி கண்டுபிடித்துவிட்டாள்.

“அடியே, போனவ வந்துருக்காடி!” என்று ஒரு கூப்பாடு. கதவு கதவாகத் தலைகள். எல்லாரும் வந்து நின்றார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. வேர்க்குரு கருத்துப்போன என் கழுத்தைப் பார்த்தார்கள். மதினி கருப்பட்டிக் காபி கொண்டுவந்து கையில் திணித்தாள். காபி தீர்வதற்குள் டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான்.

அப்போதுதான் புரிந்தது, ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. நான் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பப்போகிறேன் என்று கேட்கத்தான்.

என் வாசலில் இன்னொருத்தி நிற்க, பிறந்த இடத்தை விட்டு விருந்தாளி மாதிரி நான் விடைபெற வேண்டும். வாயைத் திறந்தேன். ஜீப் நகர்ந்தது. “வர்றேன்” என்றேன், எனக்கே கேட்காதபடி.

மதினி ஜீப்போடு கூடவே ஓடிவந்து, காதில் கையைக் குவித்துக்கொண்டாள்.

“என்னத்தா சொன்ன? கேக்கலை!”

“வர்றேன் மதினி.”

“இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விளங்கலைடி! ஏப்பு, வண்டிய நிப்பாட்டு!”

அந்தப் படுபாவி நிறுத்தியே விட்டான். ஜீப்பில் இருந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், என் அறைக்கு வந்த புதுக்காரி, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கம்பளியைத் தலைக்கு இழுத்து, முகத்தை மூடிக்கொண்டு, மலையே கேட்கும்படி கத்தினேன்.

“வர்றேன்! வர்றேன்! நாளைக்கும் வர்றேன்!”