அம்மாவைச் சுற்றி ஓடிய எறும்புகள்

செவ்வாய்க்கிழமைதோறும் இருக்கன்குடி ஆத்தாளுக்கு விளக்குப் போட்ட கையோடு அம்மா படத்துக்கும் ஒரு பொட்டு வைப்பேன். வைக்கும்போது கண் அம்மாவின் இடது தோளுக்குத்தான் போகும். அங்கே இருக்கிற சேலைப் பூக்கள் அந்தத் தோளுக்கு உரியவை அல்ல. முந்தானையின் வேறு பக்கத்திலிருந்து எடுத்து அக்கா ஒட்டவைத்தவை. முதலில் அந்த இடத்தில் இருந்தது என் மொட்டைத் தலை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு விடியக்காலை வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். அக்கா பன்னிரண்டாவது முடித்ததும், அவளையும் வேனில் ஏற்றிவிடச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. "எம்மக கையில மருந்து ஒட்டக்கூடாது" என்று சொல்லி, காலண்டர் டிசைன் சொல்லிக்கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டாள். படத்தில் ஓர் ஆளை மட்டும் பிரித்து எடுத்து வேறு இடத்துக்கு நகர்த்துவதுதான் அங்கே முதல் பாடம். அக்கா லட்சுமி சாமி படத்தை வைத்து அதைப் பழகிக்கொண்டிருந்த வாரத்தில் கம்பெனியில் வெடித்தது.

அம்மாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எறும்பு அண்டாமல் இருக்க அத்தை சுற்றிலும் மஞ்சள்தூளால் கோடு போட்டாள். "மூஞ்சிய ஒரு தடவ காமிங்க பெரியப்பா" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம் தாயி. நீ பாத்த மூஞ்சியே மனசுல இருக்கட்டும்."

துணியைப் பிரிக்கவே இல்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பொம்பளைப் பிள்ளைகள் தெருமுனையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே! அம்மா தனியாகப் படம் எடுத்துக்கொண்டவளே இல்லை. இருந்தது ஒன்றுதான், சின்னப் பிள்ளையில் இருக்கன்குடியில் எனக்கு முடி இறக்கிய அன்று எடுத்தது. அப்பா, அக்கா, நடுவில் அம்மா, அவள் இடுப்பில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தபடி நான். அதிலிருந்து அம்மாவை மட்டும் எடுக்க வேண்டும்.

"குடும்மா, ஒரு டீ குடிக்கிற நேரத்துல வெட்டித் தாரேன்" என்றார் சென்டர் சார்.

"நானே செய்றேன் சார்" என்றாள் அக்கா.

அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் ஆள் கிடையாது என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் சென்டரில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அக்கா அம்மாவின் முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்குவாள். நெற்றியோரம் ஆரம்பித்து, முடி, காது, கழுத்து என்று மவுசை அமுக்கி அமுக்கி ஓரமாகவே ஊர்ந்து போவாள். சுற்றி வந்து தொடங்கிய புள்ளியைத் தொட்டதும், கோடு முழுவதும் சின்னச் சின்னத் துண்டுகளாகி ஓட ஆரம்பிக்கும். அந்தக் கோட்டுக்குள் இருப்பது மட்டும்தான் இனி நகரும் என்று அர்த்தமாம். எனக்கு அது எறும்பாகத்தான் தெரிந்தது. அம்மாவைச் சுற்றி விடாமல் எறும்பு.

மறுநாள் சாமி மாடத்திலிருந்து கோயில் மஞ்சளை எடுத்து ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோய், அக்கா தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் மானிட்டரைச் சுற்றிக் கோடு போட்டேன்.

"ஏலே, யாருலே மானிட்டருக்கு மஞ்சக்காப்பு போட்டது? அப்படியே பொங்கலும் வச்சிருவமா?" என்றார் சார். படிக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் விரலைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"அம்மா மேல எறும்பு ஏறுதுக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினாள். அத்தனை எறும்பும் மாயமாகப் போயின. "போயிருச்சு பாரு" என்றாள். மஞ்சளின் மகிமையை அன்றைக்கு நான் கண்ணாரக் கண்டேன். பொத்தானின் வேலை அது என்று பின்னால் தெரிந்தபோதும் ஆத்தா மேல் உள்ள நம்பிக்கை குறைந்துவிடவில்லை.

ஒருநாள் அக்கா அம்மாவை நகர்த்தியும் காட்டினாள். அம்மா நீலப் பின்னணிக்குப் போய்விட்டாள். பழைய படத்தில் அவள் நின்ற இடம் அவள் வடிவத்திலேயே வெள்ளையாகக் கிடந்தது. நான் உட்கார இடுப்பில்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நெற்றியோரம் வந்து நின்றாள்.

"நல்லாத்தானம்மா வந்திருக்கு. ஏன் அழிக்கிற?" என்றார் சார்.

"காதுகிட்ட சரியில்ல சார்."

மறுநாளும் காதுகிட்ட சரியில்லை. அதற்கு மறுநாளும். அக்காவுக்கு வேலை வரவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"படம் முடிஞ்சிருச்சா?" என்று அப்பா சாப்பிடும்போது கேட்டார். அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அக்காவுக்கு வெட்டவே தெரியலப்பா. அம்மா மூஞ்சியவே திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டு இருக்கா. சாருகிட்டக் குடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

அப்பா பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்திருந்தார்.

"சுத்தட்டும் விடு" என்றார் பிறகு.

அக்காவுக்கு மட்டும் எப்போதும் செல்லம். அந்தக் கோபத்தில் நான் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டேன்.