குடிக்காத அப்பாவின் மனந்திரும்பல்

ஓல்போர்க் நகரில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ குடித்த சூடான சோல்பேர் பழச்சாற்றின் வாசம் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது. அப்பாவும் நானும் அகதிகளாக வந்திறங்கிய ஸ்கீவ ஊரில், இப்போது கார்த் தரிப்பிடமாகிவிட்ட செபமண்டபத்தில், ஈரக் கம்பளிக் கோட்டுகள் ஆவி விட, மதுவை ஒழிக்கவென்று ஸ்கொத்லாந்திலிருந்து வந்திருந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஞாயிறுதோறும் அந்தச் சாற்றைத்தான் எங்களுக்கு ஊற்றித் தருவார். குடியை விட்டதாக மேடையேறிச் சொன்னவர்களுக்கு மட்டும், குடும்பத்தை ஊரிலிருந்து கூப்பிட அனுமதி கேட்டுக் குடிவரவு அமைச்சுக்கு எழுதிக் கொடுப்பார். அம்மா மன்னாரில் காத்திருந்தார். அப்பாவோ சாராயத்தைத் தொட்டதேயில்லை.

"குடிச்சாத்தானே அண்ணை விடலாம்?" என்று அப்பா கேட்டார்.

"குடிச்சனான் எண்டு சொல்லும். மனிசி வரவேணுமோ, வேண்டாமோ?" என்றார் பக்கத்து அறை அந்தோனி அண்ணை.

அப்பா மேடையேறினார். போதகர் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்லக் கேட்க, அப்பாவின் கதையில் முதலில் கள்ளாக இருந்தது சாராயமாகி, பிறகு அம்மாவின் சங்கிலியையும் விற்றுக் குடித்ததாக வளர்ந்தது. போதகர் எழுதிக்கொண்டேயிருந்தார், அமைச்சு அசையவில்லை.

வருடங்கள் கழித்து ஒருவழியாக அனுமதி கிடைத்து அம்மா வந்திறங்கியபோது, போதகர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் குடியையும் மீட்சியையும் அழுதழுது ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்க்க அப்பாதான் நின்றார்.

"நீர் வந்தது சந்தோசமாம்," என்றார் அப்பா.

"உதுக்கோ மனுசன் இவ்வளவு நேரம் அழுதவர்?" என்று அம்மா கேட்டார்.