பத்தாம் வகுப்பு பி பிரிவின் தகர வேலி

நேற்று மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், பக்கத்து மேசைப் பெண் தன் செல்போனை என் முன்னால் நீட்டினாள். எங்கோ ஒரு பெரிய நகரம். பூகம்பம் வந்து போயிருக்கிறது. இடிந்த தெருக்களைச் சுற்றிக் கம்பி வேலி, தகர வேலி, சிவப்பு வெள்ளை நாடா. அந்த வேலிகள் மேல் யார் யாரோ படம் எழுதியிருக்கிறார்கள். ஆள் உயர மீன், சிறகு விரித்த பெண், ஒரு தெரு முழுக்க ஒரே ஒரு கண். "என்னமா இருக்கு பாருங்கக்கா" என்றாள். நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் என் மூக்கில் ஏறியது கருப்பு பெயிண்ட் வாசம். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு வேலி இருந்தது. படம் பிடிக்கிற மாதிரி நல்ல போன்தான் யாரிடமும் இல்லை.

எங்கள் ஊர் கம்பம்மெட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே பூகம்பம் என்றால் தேனிக்காரர்களே சிரிப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பூமி எப்போதாவது புரண்டு படுக்கும். இந்தப் பக்கம் அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும். அவ்வளவுதான். நான் பத்தாவது படித்த வருடம் ஒரு விடியற்காலையில் கொஞ்சம் கூடுதலாகப் புரண்டுவிட்டது. மர லோடு லாரி என்றுதான் நினைத்தேன். தெருவே ஓடியபோது நானும் ஓடினேன். வெளியே வந்து பார்த்தால் கையில் ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்த தம்பி உள்ளேயே இருக்கிறான். அவன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடம்தான் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. அதிகாரிகள் வந்து நாடா கட்டினார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்றுக்கு முன்னால் நாடா எம்மாத்திரம்? மதியத்துக்குள் அது ஒரு முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. பிறகு சாலையை ஒட்டிச் சவுக்குக் கம்பு நட்டு, புதுத் தகரங்களை வரிசையாக அடித்தார்கள். சின்ன வகுப்புகள் கல்யாண மண்டபத்துக்குப் போயின. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ் ஏறிக் கம்பம் டவுனுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

அம்மா ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். இருட்டோடு மலையேறி, சாயங்காலம் ஏலக்காய் வாசத்தோடு இறங்குவாள். அந்த வாசம் உங்களுக்குப் பாயசத்தை நினைவுபடுத்தும். எனக்கு அது அம்மாவின் களைப்பு. எங்கள் வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் கழுத்து கொஞ்சம் நிமிரும். ஆனால் என்னைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட அம்மாவுக்குப் பயம்.

"ஸ்கூலு கட்டி முடிக்கிற வரைக்கும் எங்கூட மலைக்கு வா. திங்கக்கெழமலருந்து ஜீப்புல எடம் சொல்லிட்டேன்" என்றாள்.

'வரைக்கும்' என்று போன அக்காக்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். ஒருத்தியும் புத்தகப் பையை மறுபடி தோளில் மாட்டவில்லை.

அறிவியல் டீச்சர், வேலிக்கு முன்னால் இருக்கும் வேப்பமரத்தடியிலேயே வகுப்பு எடுத்துப் பார்க்கிறேன் என்றார். போர்டு இல்லாமல் எப்படி என்று தலைமையாசிரியர் இழுத்தார். தகரத்தில் எழுதிப் பார்த்தோம், சாக்பீஸ் வழுக்கியது. போதாததற்கு அது தேர்தல் நேரம். மெயின் ரோட்டைப் பார்த்த புதுத் தகரத்தைக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? எங்கள் பக்கத்துச் சட்டம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சுவரின் மூலையில் 'முன்பதிவு' என்று முதலில் எழுதியவருக்கே அந்தச் சுவர். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இதற்கு மட்டும் கட்டுப்படுவார்கள்.

என் வகுப்புப் பாண்டியம்மாளுக்கு அந்தச் சட்டம் அத்துப்படி. ஊரில் எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுகிறவர் அவள் அப்பாதான். மறுநாள் காலையில் வேலியின் முனையில் நீல எழுத்து, மலைப்பாதை போல ஏறி இறங்கிக் கிடந்தது: 'இந்த வேலி முழுவதும் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு முன்பதிவு. பரீட்சை முடியும் வரை.'

சுண்ணாம்பு வாளியோடு அவள் அப்பா வந்தார். வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"யாரு எழுதுனது?"

"நாந்தேன்."

"அடி ஆத்தா, என் பெயிண்ட எடுத்து என் பொழப்புலயே அடிச்சுட்டியே! கட்சிக்காரவுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

"முன்பதிவு ஆயிருச்சுன்னு சொல்லுங்க. எழுதுன செவுத்த தொடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எழுத்தா இது? கோழி கிண்டுன மாதிரி" என்று திட்டிக்கொண்டே, அதே வாசகத்தை அழகாகத் திருத்தி எழுதினார்.

அதோடு நின்றாரா! போர்டுக்கு அடிக்கிற கருப்பு பெயிண்டை எங்கிருந்தோ கொண்டு வந்தார். வேலி நீளத்துக்கும் கரும்பலகை. நடுநடுவே எங்கள் புத்தகத்தைப் பார்த்துப் படம் எழுதினார். செம்பருத்திப் பூவின் வெட்டுத் தோற்றம், சிறுகுடல், பெருங்குடல், இந்திய வரைபடம். வரைபடத்தில் எங்கள் ஊர் பாதிக் கேரளா அளவுக்கு இருந்தது.

"அண்ணே, நம்ம ஊரு இம்புட்டுப் பெருசா?" என்றார் டீச்சர்.

"நமக்குப் பெருசுதான டீச்சர்."

கடைசியாக இதயத்தை எழுதினார். என்னைவிட உயரம், கோபுரத்துக்கு அடிக்கிற சிவப்பு. காற்று அடித்தபோது அந்தத் தகரம் உள்ளே வாங்கி வெளியே தள்ளியது. டம், டம் என்று சத்தம். எழுதியவரே இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். ஆட்டை ஓட்டிப் போனவர் ஆட்டை விட்டுவிட்டு நின்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் என்னை எழுப்பி, இதயத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். குச்சியோடு வேலிக்கு முன்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று வேகம் குறைந்து நின்றது. அம்மா போகிற ஜீப். காற்றையும் தகரத்தையும் மீறிக் கத்திச் சொன்னேன். இதயத்துக்கு நான்கு அறைகள், இந்தப் பக்கம் கெட்ட ரத்தம் வருகிறது, அந்தப் பக்கம் நல்ல ரத்தம் போகிறது.

"ஏத்தா, அது உம் மகதான?" என்று ஜீப்புக்குள் ஒரு குரல்.

"நெஞ்சுக்குள்ள நாலு ரூமாம்ல! எங்க வீட்டுல ஒண்ணுதேன் இருக்கு" என்று இன்னொரு குரல். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிச் சாலை ஓரத்துக்கு வந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரை இதயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிரைவரிடம் திரும்பினாள்.

"தம்பி, திங்கக்கெழமைக்கு ஒரு எடம் சொன்னேன்ல. அதுல வேற ஆள ஏத்திக்கப்பா."

பரீட்சை வரை ஒரு கட்சியும் அந்த வேலியைத் தொடவில்லை. தேர்தல் வந்து போனது. ஊரில் எங்கள் வேலியில் மட்டும் சின்னம் இல்லை. அந்த ஜீப்பும் ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்ச நேரம் நின்றுதான் போனது. சில நாள் டீச்சர் பாடத்தை ஜீப்பைப் பார்த்தே நடத்தினார்.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. தகரங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிப் போனார்கள். அந்த இதயம் எந்த ஊருக்குப் போனதோ. இப்போது அங்கே உயரமான காம்பவுண்டுச் சுவர். உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்று சாலைக்குத் தெரியாது. ஜீப்புகள் வேகம் குறைக்காமல் போகின்றன. நான் பிளஸ் டூ முடித்தேன், காலேஜ் முடித்தேன். பாஸ் என்று சொன்னபோதெல்லாம் அம்மா தலையாட்டினாள், பட்டம் வாங்கிய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினாள். ஆனால் நான் படிப்பதை அவள் நின்று பார்த்தது அந்தச் சாயங்காலங்களில் மட்டும்தான்.