பிரேக்கைத் தேடிய கால்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரைச் சாலையில் நடந்தது இது.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நடந்ததற்கு அந்த ஞானமும் ஒரு காரணம்.

ஓய்வுக்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. காப்பி டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குப் போகும். தஞ்சாவூரில் நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் அவருக்கு. வட்டம் வரையச் சொன்னார். தன் விரலை இடம் மாற்றி மாற்றி வைத்துத் தொடச் சொன்னார். பார்க்கின்சன் இல்லை, இது வேறு வகை நடுக்கம் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"நடுக்கம் வெளியில தெரியுது சார். தெரியாத ஒண்ணும் இருக்கு. ஒரு தடவை தப்பாப் போனா, அடுத்த தடவை கைகால் தானாத் திருத்திக்கும். சிறுமூளை பண்ற வேலை அது. உங்களுக்கு அது மெதுவா நடக்குது. புது வண்டி எதுவும் பழக வேண்டாம்."

எனக்கே வண்டிப் பாடமா என்று நினைத்துக்கொண்டு மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கி வந்தேன்.

உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தேவைப்பட்டது. பழக்கமான வேறொரு டாக்டர், என் பணிக்காலக் கதைகளைக் கேட்டபடியே, கையை நீட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மாதமே பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். பழைய வண்டியில் பிரேக் வலது காலில். இதில் முன், பின் இரண்டு பிரேக்கும் கையில். இரண்டு நாளில் பழகிவிடும் என்பது ஊருக்கெல்லாம் நான் சொன்ன வாக்கு. மூன்று வாரமாகியும் அவசரத்தில் என் வலது கால், பாதம் வைக்கும் வெறும் பலகையைத்தான் மிதித்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அன்று உறவினர் வீட்டுப் பிள்ளை தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பக்கமாக, கால்களை இடப்புறம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இடப்புறம் கரை தொட்டு வாய்க்கால் தண்ணீர். வலப்புறம் வயலில் நடவு. வளைவு திரும்பியதும் எதிரே டிராக்டர்.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தத்தான் மிதித்தேன். பலகை. இன்னும் அழுத்தி மிதித்தேன். அதே பலகை. பயத்தில் கை இறுகி ஆக்சிலேட்டரை முறுக்கியது. டிராக்டரை விட்டு ஒதுங்கிய வண்டி நேராக வாய்க்காலைப் பார்த்துப் பாய்ந்தது. நடவுக்காகக் கரையோரம் குவித்திருந்த நாற்று முடிக் கட்டுகளில் முன்சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்து நின்றது. மனைவியின் கால்கள் தண்ணீருக்கு மேல் தொங்கின. பின்சக்கரம் சேற்றில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் முந்தானை அதில் சிக்கி, கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

நடவுப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒருத்தி என் தோளைப் பிடித்தாள்.

"ஐயா, கைய எடுங்க."

"எடுத்துட்டேம்மா."

எடுத்துவிட்டதாகத்தான் நம்பினேன்.

"எங்க எடுத்தீங்க, சக்கரம் சுத்துதே" என்றவள், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். சக்கரம் நின்றது. மற்றவர்கள் புடவையைக் கிழித்து விடுவித்து, மனைவியைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். அவள் இருமினாள். 

"நாங்க நாத்த நட்டா ஐயா வண்டியையே நட்டுட்டாரு" என்றாள் ஒருத்தி. "பயத்துல கை எப்படி ஆடுது பாருங்க, பாவம்."

"பயம்தான். மத்தபடி நல்லா ஓட்டுவாரு" என்றாள் மனைவி. கழுத்தில் சிவந்த தடத்தோடு எனக்கு நற்சான்று கொடுத்தாள். அந்தச் சான்றையும் டாக்டரின் சான்று போலவே வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"பயமில்ல. மூணு வாரமா கால் இப்படித்தான் தப்பாப் போகுது. டாக்டர் புது வண்டி வேண்டாம்னு சொன்னாங்க. உங்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் கிழிந்த முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பிறகு என் விரல்களைப் பிரித்தவளிடம், "இவர நீங்களே வச்சுக்குங்க, நடவுக்கு ஒரு ஆளாச்சு" என்றாள்.

"இந்தக் கையோட நட்டா பயிரு கோணலால்ல போவும். நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா."

மறு வாரம் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரிமத்தை ஒப்படைக்கப் போனேன். தானாகக் கொண்டுவந்து கொடுக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அங்கிருந்த ஊழியர். என்ன எழுதி வாங்க வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

வண்டியை விற்கலாம் என்றபோது மனைவி மறுத்தாள். அறுபத்தொரு வயதில் தானே பழகப்போவதாகச் சொன்னாள். பள்ளி மைதானத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். முதல் நாள் திருப்பத்தில், தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி நான்கடி போனாள். மறுநாள் இரண்டடி. நான்காம் நாள் கோட்டுக்குள் திரும்பிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பு தானாகவே தேய்ந்தது. உரிமத் தேர்வுக்கு ஓட்டிக்காட்ட வந்த ஆயிரக்கணக்கான பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இன்னதென்று தெரியாமல். மூன்றாம் முறையும் அதே வளைவில் தடுமாறியவர்களிடம், எத்தனை தடவை சொல்வது என்று எரிந்து விழுந்திருக்கிறேன். சொன்னது புரிந்தும் உடம்பு திருந்தாமல் போகலாம் என்று நான் அறிந்துகொள்ள, அவள் கழுத்தில் ஒரு தடம் விழ வேண்டியிருந்தது.