காப்புக் கட்டிய தெருவில் சாக்கடை மண்

எங்கள் வார்டுக்கான அறிவிப்புகளை அடித்துக் கொடுப்பவள் நான்தான். இதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டின் முன் அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியும். இந்த இரண்டு குற்றத்துக்காக வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு என்னை அட்மின் ஆக்கிவிட்டார்கள். கவுன்சிலர் ஒரு பெண். பதவியேற்ற அன்று மாலையும் கழுத்துமாக ஒரு படத்தில் பார்த்தோம். அதற்குப் பிறகு எல்லாமே அவருடைய வீட்டுக்காரர்தான். அவர் போனில் சொல்லுவார், "தண்ணி சனிக்கெழம வருதுன்னு போட்டுருங்கக்கா" என்று. நான் அதை 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கி, சுற்றிலும் பூ பார்டர் வைத்து, குழுவில் போடுவேன். பார்டர் வைப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

பங்குனி பிறந்தால் எங்கள் ஊருக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். சாயல்குடிப் பக்கம், கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர். வருஷம் பூராவும் அள்ளாத குப்பையை அம்மன் கோயில் பொங்கலுக்கு அள்ளுவார்கள். எரியாத தெருவிளக்கு எரியும். கொசு மருந்து அடிக்க ஆள் வரும், நாய் பிடிக்க ஆள் வரும். ஐப்பசி மழையில் சாக்கடை வீட்டுக்குள் புகுந்தபோது எத்தனை போன் போட்டும் வராதவர்கள், பங்குனியில் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். மனுசனுக்குப் பயப்படாவிட்டாலும் சாமிக்குப் பயப்படுகிற ஊர் என்று இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். கேட்டாலே எனக்குக் குமட்டும்.

போன பங்குனியில் ஒரே நாளில் இரண்டு அறிவிப்பு அடித்தேன். ஒன்று பேரூராட்சியுடையது. செவ்வாய்க்கிழமை எங்கள் தெருச் சாக்கடை வாறுகால் தூர்வாரப்படும், புதன்கிழமை கழிவு மண் அகற்றப்படும். மற்றது கோயிலுடையது. செவ்வாய் மாலை காப்புக் கட்டுதல். இரண்டுக்கும் ஒரே பூ பார்டர்.

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எட்டு நாளைக்கு ஊருக்குள் யாரும் மம்பட்டி எடுக்கக் கூடாது. முளைப்பாரிச் சட்டிகளில் பயிர் முளைத்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. அப்போது மண்ணில் இரும்பு பட்டால் முளை கருகிவிடும், அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது நம்பிக்கை. பாதி கட்டின வீட்டு வேலையைக்கூட நிறுத்திவிடுவார்கள். இது எனக்குத் தெரியும், கவுன்சிலர் வீட்டுக்காரருக்குத் தெரியும், தூர்வார வந்தவர்களுக்கும் தெரியும். செவ்வாய் மாலைக்குப் பிறகுதான் புதன் வரும் என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. இரண்டையும் அடித்த நானும் யோசிக்கவில்லை.

செவ்வாய் காலையில் நாலு தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. முழங்கால் வரை வாறுகாலுக்குள் இறங்கி அள்ளி அள்ளி மேலே போட்டார்கள். கழிவு மண் என்று அறிவிப்பில் அடித்திருந்தேனே தவிர, அதில் மண் குறைவு. கோழிக் குடல், பிள்ளைகளின் டயபர், நாப்கின், ஷாம்பு பாக்கெட், பிராந்தி பாட்டில், ஊதிப்போன பெருச்சாளி ஒன்று. எல்லாம் எங்கள் தெரு போட்டதுதான். உள்ளே கிடந்தவரைக்கும் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. மேலே வந்ததும் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைப் பார்த்தார்கள்.

இருக்கிறதிலேயே பெரிய குவியலைக் குழாய்க் குழியின் ஓரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் தெருக் குழாய் திருகினால் கொட்டுகிற குழாய் இல்லை. காவிரித் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அதற்கு மேலே ஏறத் தெம்பு இருக்காது. அதனால் தெருவில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, அடியில் ஓடும் பைப்பை அங்கேயே வெட்டிவிட்டு, குழிக்குள் இறங்கிக் குத்தவைத்துக் குடம் பிடிப்போம். தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு தடவை. வராத நாட்களில் குழிக்குள் என்ன தேங்கியிருக்கிறதோ அதைப் பைப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த தண்ணீர் சனிக்கிழமை.

குழிக்கு நேர் எதிர் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். கமுதிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் எடுக்கிறாள். அப்போது தன் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்து வைத்திருந்தாள். மகளுக்கு எட்டாவது மாதம். முந்திய தடவை உண்டானது, இங்கே வந்திருந்தபோது ஆறாவது மாதமே போய்விட்டது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, குடித்த தண்ணீர் சரியில்லை என்றுதான் டாக்டரம்மா திட்டியிருக்கிறார். அதிலிருந்து குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறாள். ஆனால் சோறு பொங்குவது, பாத்திரம் கழுவுவது, வாய் கொப்பளிப்பது எல்லாம் அந்தக் குழித் தண்ணீரில்தான். கேனில் குளிக்கிற வசதி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கவுன்சிலர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அக்கா, வேல முடிஞ்சுச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிடுங்க. நல்லாத் தெரியுற மாதிரி."

எடுத்தேன். வலது ஓரத்தில் குவியலும் குழாய்க் குழியும் விழுந்திருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. விரலால் ஓரத்தை இழுத்து அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டேன். வாறுகால் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி நின்றது. 'பணி நிறைவுற்றது' என்று போட்டேன். கும்பிடு பொம்மைகளாக வந்து விழுந்தன. எதிர் வீட்டுக்காரியும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். மறுநாள் காலை குவியலை அள்ள டிராக்டர் வந்தது. ஒருவன் மம்பட்டியோடு இறங்கியதுதான் தாமதம், டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு ஆண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். வீடு பற்றி எரிந்தால்கூட இந்த வேகத்தில் வருவார்களா என்பது சந்தேகம்.

"ஏலே, வண்டியத் திருப்பு. காப்புக் கட்டியாச்சுல்ல?"

"தோண்டலண்ணே, அள்ளத்தான் போறோம்."

"மம்பட்டி மண்ணுல படாம எப்படிலே அள்ளுவ? போயிட்டு எட்டு நாள் கழிச்சு வா."

நான் கடையை விட்டு இறங்கிப் போனேன். "மம்பட்டி பட்டா முளைப்பாரி கருகும், இந்த நாத்தத்துல கருகாதாக்கும்?" என்று கேட்டேன்.

"தெய்வ காரியத்துல பொம்பளையாளுக பேசப்படாது" என்றார் ஒருவர்.

"முளைப்பாரி போடுறதே பொம்பளையாளுக தான்யா" என்றேன். சிரித்தார்கள். அதோடு சரி. டிராக்டர்காரன் எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தவன் மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு அந்தக் குவியலோடு குடித்தனம் நடத்தினோம். வெயில் ஏற ஏற மேலே கறுப்பாகப் பொருக்குத் தட்டி, உள்ளே புழுத்தது. கடையில் ஜெராக்ஸ் எடுத்த தாளில்கூட ஈ உட்கார்ந்து எழுந்தது. பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து குவியலைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடரால் வெள்ளையாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார், கோலம் போட்ட மாதிரி. மேலே வேப்பிலைத் தோரணம், ரேடியோ குழாயில் அம்மன் பாட்டு, கீழே பெருச்சாளி. குளித்துப் பட்டுச் சேலை கட்டி, பூத்தட்டோடு போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, தாண்டியதும் கையை எடுத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டார்கள். இவர்களுக்கு எப்படித்தான் பக்தி வருகிறதோ என்று இருந்தது.

வியாழக்கிழமை எதிர் வீட்டுக்காரி கடைக்கு வந்தாள். "அக்கா, குரூப்புல ஒரு வார்த்த போடுங்கக்கா. தண்ணி சனிக்கெழம வருது. அதுக்குள்ள அள்ளிட்டா நல்லாருக்கும். பிள்ளைய நெனச்சாத்தான் பக்குங்குது."

நான் கவுன்சிலர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "திருவிழா நேரத்துல குரூப்புல பிரச்சினையக் கெளப்பாதீகக்கா. எட்டு நாள்தான, பொறுங்க" என்றார். அவரைக் கேட்காமல் நானே போட்டிருக்கலாம். அட்மின் நான்தானே. ஆனால் சாதிச் சான்றிதழ், பட்டா என்று அவர் அனுப்பிவைக்கிற ஆட்கள்தான் என் கடைக்குப் பாதிப் பேர். ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்றைக்கு முளைப்பாரிப் பாட்டுக்கு வரவேண்டிய நேரத்தை மட்டும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிவாக்கில் யாரும் எதிர்பார்க்காமல் மழை வந்தது. பத்து நிமிஷ மழைதான். அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று குழுவில் வரிசையாகப் போட்டார்கள். குவியல் இளகிச் சரிந்து, பிளீச்சிங் கோட்டைத் தாண்டி, பாதிக்குமேல் குழாய்க் குழிக்குள் போய் இறங்கியது. பைப்பு இருந்த இடமே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பத்து மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். எதிர் வீட்டுக்காரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு அன்னக்கூடையும் இரண்டு சிமெண்ட் சாக்குமாக வந்து குழி ஓரத்தில் நின்றாள்.

"ஏத்தா, மம்பட்டி கிம்பட்டி எடுத்துறாத" என்று டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது.

"மம்பட்டி இல்லண்ணே, கையி" என்று அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு குழிக்குள் இறங்கினாள்.

கையால் அள்ளினாள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அள்ளி அன்னக்கூடையில் போட்டாள். நிரம்பியதும் சாக்கில் கொட்டி, சாக்கை முதுகில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் கருவேலங்காட்டில் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு தடவை குழிக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைக்கப் போனவள் கையைப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் விட்டாள். பைப்புக்குப் பக்கத்தில் வந்ததும் சிரட்டையால் சுரண்டினாள். நாப்கினைக் கையில் எடுத்தபோது டீக்கடை ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில்தான் கூச்சம் வந்தது. கட்டுப்பாட்டை அவள் மீறவில்லை, அதனால் தடுக்கவும் வழியில்லை. உதவிக்கு ஒருத்தரும் இறங்கவில்லை.

நானும் இறங்கவில்லை. கடை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். தலைக்குக் குளித்திருந்தேன், கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது, கடையில் ஆள் இருந்தார்கள். காரணத்துக்கா பஞ்சம். அருவருப்பில் பொத்திய கையை எடுக்க முடியவில்லை. சாக்கடையைப் பார்த்தா, வேடிக்கை பார்த்த ஆண்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் கறுப்பாக வந்ததை வெகுநேரம் ஓடவிட்டாள். தெளிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு, அப்புறம்தான் முதல் குடத்தை வைத்தாள்.

இதற்குள் கவுன்சிலர் வீட்டுக்காரர் பைக்கில் வந்து, இறங்காமலே ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அரை மணியில் எனக்கு அனுப்பினார். கூடவே குரல் பதிவும் வந்தது. "மக்கள் பங்கேற்புடன் தூய்மைப் பணின்னு போடுங்கக்கா. சூப்பரா விழுந்துருக்கு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் குழிக்குள் குனிந்த முதுகு. இடது ஓரத்தில், என் கடைப் பெயர்ப் பலகைக்குக் கீழே, மூக்கைப் பொத்திக்கொண்டு நான். கண் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் போடமுடியாது என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். அப்படியே முழுதாகப் போட்டிருக்கலாம். விரல் அதுவாகவே இடது ஓரத்துக்குப் போனது. வெட்டி, பூ பார்டர் வைத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அவள் கடைக்கு வந்தாள். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிப்போக, கர்ப்பிணி அட்டைக்கு ஜெராக்ஸ் எடுக்கவேண்டும் என்றாள். அட்டையை இரண்டு விரல் நுனியால் பிடித்திருந்தாள்.

"பிள்ள எப்படி இருக்கா?" என்றேன்.

"நல்லாருக்காக்கா. வயித்துக்கு ஒண்ணுமில்ல." கையை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டாள். "புளியப் போட்டுத் தேச்சேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன், போகமாட்டேங்குதுக்கா. கரண்டியிலதான் சோறு திங்கிறேன்."

நான் அட்டையை வாங்கி ஜெராக்ஸ் மெஷினில் வைத்தேன்.

"குரூப்புல போட்ட படத்த மக காட்டுனா" என்றாள். "நீங்க இங்கன வாசல்ல தான நின்னீக. படத்துல காணோமேக்கா?"

"நான் ஓரமா நின்னேன்ல. அதான் விழல."

"ஆமா, நீங்க ஓரமாத்தான் நின்னீக" என்று தலையாட்டிவிட்டு, ஜெராக்ஸை விரல் நுனியால் வாங்கிக்கொண்டு, வாரேங்க்கா என்று போனாள்.