நான் மறைத்த ஒருசந்தி

“விரதத்தை ஊருக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள்,” என்றார் பாதிரியார், போன வருடம் சாம்பல் புதனன்று. நானும் கையுறைத் தொழிற்சாலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பகலில் எதுவும் உண்ணாமல் ஒருசந்தி இருந்தேன், இறைச்சியையும் விட்டிருந்தேன்.

அப்போது ரமலானும் சேர்ந்து வந்திருந்தது. இரண்டாவது வெள்ளி மதியம், என்னோடு வேலை செய்யும் ரொகானா என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். கோழி வாசனை வந்தது.

“நாங்க நோன்புன்னு நீ ஏன் பட்டினி கிடக்கிற? இங்க யாரும் பார்க்க மாட்டாங்க, சாப்பிடு லா,” என்றாள் மலாயில்.

நோன்போடு எனக்காகச் சமைத்திருக்கிறாள். மறுக்க வாய் வரவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.

திங்களன்று மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. தண்ணீர் குடிக்கலாமா, மீன் ஆகுமா என்று கேட்டுக்கொண்டே போனவள், “நாங்க வீட்டுல ஒருத்தர ஒருத்தர் எழுப்பிவிட்டு நோன்பு வைக்கிறோம். யாருக்கும் தெரியாம நீ எப்படி இருக்க?” என்றாள்.

இந்த வருடமும் ரமலான் சேர்ந்தே வர, முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன். வெள்ளி மாலை வேலை முடிந்ததும், பேரீச்சம்பழத்தை நடுவில் வைத்துக்கொண்டு, நோன்பு திறக்க நேரமாகிவிட்டதா என்று இருவரும் ஒரே கைப்பேசியை எட்டிப் பார்க்கிறோம்.